‘ஆளில்லாத் தீவு’ என்று எழுத இருந்தோம்

கொலன்னாவையில் வளர்ந்த எங்களுக்குப் படகு என்றால் வெள்ளம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகி எங்கள் ஒழுங்கையில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, கடற்படையின் படகு வந்து மேல்மாடியில் ஒதுங்கியிருந்த சனத்தை ஏற்றிக்கொண்டு போனது. எங்களில் இரண்டு பேர் ஏறிய முதல் படகு அதுதான். வெள்ளவத்தைக்காரர் இருவருக்கும் கடல் என்பது ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஒன்று. ஆகவே இந்த ஏப்ரல் விடுமுறைக்கு "கடலுக்குப் போய் மீன் பிடிப்பம்" என்று தீர்மானித்தபோது, எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்குத்தான் நீந்தத் தெரிந்திருந்தது. அதையும் அவர் ஸ்விமிங் பூலில்தான் பழகியவர்.

ஏன் திடீரென்று மீன்பிடி? உண்மையைச் சொன்னால், வீடியோ பார்த்துத்தான். கற்பிட்டிக்கு, திருகோணமலைக்கு, சின்னப் படகில் ஏதாவது ஒரு தீவுக்குப் போய், தூண்டில் போட்டு, பிடித்த மீனைக் கரையில் சுட்டுச் சாப்பிடுகிற வீடியோக்கள் இப்போது கொழும்புப் பிள்ளைகளின் கைபேசிகளில் நிறைந்து கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு வசனம் தவறாமல் வரும்: "மனிசர் கால் படாத தீவு." நாங்களும் போவதற்கு முன்னமே எங்கள் பதிவுக்குத் தலைப்புப் போட்டுவிட்டோம்: ‘ஆளில்லாத் தீவில் ஒரு நாள்’. அந்தத் தலைப்பை ஏன் கைவிட்டோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் கொட்டாஞ்சேனைத் தோழியின் அம்மாவுக்குச் சொந்த இடம் இரணைமாதா நகர். கிளிநொச்சி மாவட்டம், பூநகரிப் பிரிவு, முழங்காவிலுக்குக் கிட்ட இருக்கும் கடற்கரைக் குடியிருப்பு. அங்கே அவளுடைய சித்தப்பா தொழில் செய்கிறார். வடக்கில் ‘தொழில்’ என்றாலே கடல்தொழில்தான், வேறு விளக்கம் தேவையில்லை. அவளுக்குச் சித்தப்பா என்றபடியால் எங்கள் எல்லோருக்கும் அவர் சித்தப்பா ஆனார். மன்னார் போய் அங்கிருந்து ஏ-32 வீதியால் வடக்கே ஏறினால் வருகிற ஊர். இரவு பஸ் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, நித்திரை கொண்டோம்.

வாடை அடங்கி, சோளகம் எழும்ப முந்தின இடைவெளி அது. விடிய நாலரைக்குப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கொடுத்துவிட்டு, பைபர் படகொன்றில் ஏறினோம். பதினைந்து குதிரைவலு எஞ்சின். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள் என்பது எங்களுக்குப் புதுத் தகவல். வடக்கு, கிழக்கு, தெற்கு என்று இலங்கை முழுவதும் சின்னப் படகுகள் அநேகமாக மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. இதைப் பிறகு கதைப்போம்.

எங்கள் வெள்ளவத்தை நண்பன் புறக்கோட்டையில் பதினோராயிரம் ரூபாவுக்கு வாங்கிய ரீல் பூட்டிய தூண்டில்தடியைப் பெருமையோடு கொண்டுவந்திருந்தான். சித்தப்பாவிடம் இருந்தது ஒரு பிளாஸ்டிக் போத்தலில் சுற்றிய தங்கூசி, ஒரு ஈயக்குண்டு, இரண்டு முள்ளு, இரைக்குக் கணவாய்த் துண்டு. பாக்கு நீரிணைப் பக்கத்துக் கடல் ஆழம் குறைந்தது, பெரும்பாலும் பதினைந்து மீற்றருக்குள். சித்தப்பா மீற்றர் கணக்குப் பார்ப்பதில்லை. இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம். "நாலு பாகம் விடுங்கோ தம்பி, நிலத்தில ஈயம் தட்டுப்படும், பிறகு ஒரு சாண் தூக்கிப் பிடியுங்கோ." நண்பனின் தடி முதல் எறிவிலேயே பாரில் கொழுவிக்கொண்டது. இழுத்து இழுத்துக் கடைசியில் அறுத்துத்தான் விட்டோம். கைத்தூண்டிலில் விளைமீன் ஏழு, ஒரு சின்னக் கலவாய், இரண்டு பாரைக்குட்டி. அந்தப் பத்தில் எங்கள் பங்கு இரண்டு. விரலில் அந்தத் ‘துடுக்’ என்ற இழுப்பு வருகிற கணம் இருக்கிறதே, அதற்காக ஆட்கள் ஏன் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள் என்று விளங்கியது. அதைக் குறை சொல்ல மாட்டோம்.

ஒரு இடத்தில் மிதப்புக் கட்டைகள் தெரிந்தன. "அங்க போட்டா நல்லாப் படும் போல" என்று நாங்கள் கேட்க, சித்தப்பா எஞ்சினைக் குறைத்து விலகிப் போனார். "அது ஒராளின்ர நண்டு வலை." அவ்வளவுதான் பதில். எங்கள் கண்ணுக்கு வெறும் தண்ணீர். அவருக்கு அது இன்னாருடைய வலை, இன்னாருடைய பாடு, இன்ன பார் என்று வேலி போட்ட காணி மாதிரி இருந்தது. கடலே ‘ஆளில்லாத’ இடமல்ல என்று முதன்முதல் எங்களுக்கு உறைத்தது அங்கேதான்.

கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஓடினால் தீவு. உண்மையில் இரண்டு தீவுகள், அதனால்தான் இரணைதீவு. தென்னை, வெள்ளை மணல், கண்ணாடித் தண்ணீர். வீடியோக்காரருக்கு வேண்டிய எல்லாம் இருந்தது. கமராவைக் கொஞ்சம் திருப்பினால் கூரையில்லாத கல்வீடுகள். சுவர் மட்டும் நிற்கிற பள்ளிக்கூடம். செபமாலை மாதா கோயில். கரையில் சில கொட்டில்கள், காயப் போட்ட வலை, அவித்த கடலட்டையின் மணம். ஒரு அம்மா எங்களைக் கண்டதும் "கொழும்புப் பிள்ளையளோ? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். கால் படாத தீவில் எங்களுக்குத் தேத்தண்ணி கிடைத்தது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1992இல் யுத்தத்தால் இந்தச் சனம் தீவை விட்டு வெளியேறியது. கடற்படை அங்கே முகாம் அமைத்தது. ஊர் இரணைமாதா நகருக்கு வந்து ‘தற்காலிகமாக’ இருந்தது. 2009இல் யுத்தம் முடிந்தது, தற்காலிகம் முடியவில்லை. 2017 மே முதலாம் திகதி, பெண்கள் முன்நின்று, இரணைமாதா நகரில் தொடர் போராட்டம் தொடங்கியது. ஒரு வருடத்துக்குச் சில நாட்களே குறைவு. மனு, பேச்சுவார்த்தை, வாக்குறுதி எல்லாம் பார்த்துக் களைத்தபிறகு, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி ஏறக்குறைய நாற்பது படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு, அனுமதி கேட்காமல், தங்கள் தீவுக்குத் தாங்களே போய் இறங்கினார்கள். கோயிலுக்குப் போனார்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள். அடுத்த மாதம் அரசாங்கம் அவர்கள் இருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. 26 வருடம்.

இந்த நாட்டில் யுத்தத்துக்குப் பிறகு நடந்த மக்கள் போராட்டங்களில் இவ்வளவு எளிமையான ஒன்றை நாங்கள் கேள்விப்படவில்லை. ஆயுதமுமில்லை, பெரிய மேடையுமில்லை. தினமும் தொழிலுக்குப் போகிற அதே சின்னப் படகு, இந்தமுறை வேறு திசையில் திரும்பியது.

இனி நாங்கள் சொல்ல வந்த விஷயம். இரணைதீவு என்ற பெயர் கொலன்னாவையில் எங்களுக்கு முதலில் காதில் விழுந்தது 2021 மார்ச்சில், நாங்கள் உயர்தர வகுப்பில் இருந்தபோது. கொவிட்டில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்த கொள்கை கிட்டத்தட்டப் பத்து மாதமாக நடைமுறையில் இருந்தது. எங்களில் ஒருவனின் பக்கத்து வீட்டு ஹாஜியாரும் அப்படி எரிக்கப்பட்டவர். அவருடைய மகன் அதன்பிறகு பல மாதம் தெருவில் ஒருவரோடும் கதைக்கவில்லை. பெப்ரவரி கடைசியில் தடை நீங்கியது. உடனே மார்ச் 2ஆம் திகதி அரசாங்கம் அறிவித்தது: அடக்கம் செய்ய இரணைதீவு. கொலன்னாவையில் முஸ்லிம் வீடுகளில் கேட்ட கேள்வி, "மையித்தை வள்ளத்தில ஏத்தியா கொண்டு போறது? கபுறடிக்கு யார் போய் துஆ கேக்கிறது?" இரணைமாதா நகரில் கேட்ட கேள்வி, "இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு கிடைச்ச ஊரை மயானமாக்கவா?" இரண்டு சனத்துக்கும் ஒரே அடி. நல்ல வேளையாக இரண்டு பக்கமும் ஒன்றையொன்று குற்றம் சொல்லாமல் தீர்மானத்தைக் குற்றம் சொன்னது. எதிர்ப்புக்குப் பிறகு அந்த வாரமே ஓட்டமாவடிக்கு மாற்றினார்கள்.

ஆனால் இரணைதீவை ஏன் தெரிவு செய்தார்கள்? கொழும்பில் ஒரு மேசையில் விரித்த வரைபடத்தில் அது வெறுமையாகத் தெரிந்தது. ‘ஆளில்லாத் தீவு.’ எங்கள் தலைப்பும் அதே மூன்று வருடப் பழைய வரைபடத்திலிருந்துதான் வந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாங்கள் லைக்குக்காகச் சொல்கிறோம், அவர்கள் தீர்மானத்துக்காகச் சொல்கிறார்கள். சொல் ஒன்றுதான்.

"அங்க நிரந்தரமா ஒருத்தரும் இல்லையே, தொழிலுக்குத்தானே போய் வாறாங்க" என்று ஒரு பதில் வரும். எங்களுக்குள்ளேயே பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த விவாதம் வந்தது. உண்மைதான், பல குடும்பங்கள் இரண்டு கரையிலும் கால் வைத்து வாழ்கின்றன. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றால் பெருநிலத்தில் இருக்க வேண்டும். பிள்ளை இருக்கிற இடத்தில் தாய். தீவில் ஆண்களும் வயதானவர்களும். பிள்ளைகள் இல்லாதபடியால் பள்ளிக்கூடம் திறக்க முடியாது என்பார்கள், பள்ளிக்கூடம் இல்லாதபடியால் பிள்ளைகள் வரமாட்டார்கள். நோயாளிக்கும் இதே கணக்கு. பிறகு இந்த வட்டத்தைக் காட்டியே ‘நிரந்தரக் குடியிருப்பு இல்லை’ என்று எழுதுவார்கள். போய் வருவதுதான் கடல்தொழில் செய்கிற சனத்தின் குடியிருப்பு. வன்னியில் காலபோகம் முடிந்து காணி சும்மா கிடந்தால் அதை ஆளில்லாக் காணி என்று யாராவது சொல்வோமா?

இந்தச் சொல் விளையாட்டு இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. எங்களுக்குத் தெற்கே, இதே இந்து சமுத்திரத்தில், சாகோஸ் தீவுகள். அமெரிக்கத் தளம் அமைப்பதற்காக 1968க்கும் 1973க்கும் இடையில் பிரித்தானியா அந்தச் சனத்தை முழுவதுமாக அகற்றியது. சொல்லப்பட்ட நியாயம் என்ன தெரியுமா? அங்கே நிரந்தரக் குடிகள் இல்லை, ஒப்பந்தக் கூலிகள்தான் வந்து போகிறார்கள் என்பது. தலைமுறை தலைமுறையாக அங்கே புதைக்கப்பட்டவர்கள் எல்லாம் ‘வந்து போனவர்கள்’. 2019இல் சர்வதேச நீதிமன்றம் அந்தத் தீவுகளைப் பிரித்தானியா தொடர்ந்து வைத்திருப்பது சட்டவிரோதம் என்று ஆலோசனைக் கருத்துச் சொன்னது. (அதே தீவுக்கூட்டத்தின் தியாகோ கார்சியாவில்தான், 2021இல் கனடாவுக்கென்று படகேறிய எங்கள் தமிழ்ச் சனம் சிக்கி மூன்று வருடம் கூடாரத்தில் கிடந்தது. ‘ஆளில்லாத’ தீவில் ஆட்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தார்கள்.)

இப்போது மண்ணெண்ணெய். 2022 ஆகஸ்ட் 21 நள்ளிரவு ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. கொழும்பில் நாங்கள் அப்போது பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, அரகலய என்று எங்கள் கதையில் இருந்தோம், மண்ணெண்ணெய் ஒரு வரிச் செய்தி. சித்தப்பாவின் கணக்கு இது: போய் வலை பார்த்துத் திரும்ப ஒரு நாளைக்குப் பதினைந்து லீற்றர். அதாவது 1,305 ரூபா ஒரே இரவில் 5,100 ரூபா. நண்டு படாத நாளில் அது கையிலிருந்து போகிற காசு. பிறகு விலை கொஞ்சம் இறங்கியதுதான், ஆனால் 87க்கு ஒருநாளும் திரும்பவில்லை. தீவில் இருந்தால் களம் கிட்ட, எண்ணெய் கொஞ்சம். வற்று நேரத்தில் பெண்கள் கரையோரம் நடந்தே அட்டை, சங்கு பொறுக்கலாம், அதற்கு எண்ணெயே தேவையில்லை. அந்த வருமானம் பெண்களின் கையில் நேரே வந்தது. பெருநிலத்துக்கு வந்தபிறகு அவர்களுக்குக் கடலே இல்லாமல் போனது. போராட்டத்தில் அவர்கள் ஏன் முன்நின்றார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேடத் தேவையில்லை.

நாங்கள் கொலன்னாவை என்றதும் சித்தப்பா சிரித்தார். "அங்கதானே பெரிய எண்ணெய்த் தாங்கி எல்லாம் இருக்கு? உங்களுக்கு மலிவாக் குடுப்பாங்களோ?" இல்லை சித்தப்பா, எங்களுக்கும் அதே விலைதான். எங்களுக்குக் கிடைக்கிறது பவுசர் நெரிசல் மட்டும்.

எங்கள் கோரிக்கை பெரிதில்லை. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து ‘குமுதினி’ ஓடுகிறது. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் படகு. ஆக, கடல்வழியும் வீதிதான் என்று அரசாங்கமே எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. அதே நியாயம் இரணைதீவுக்கு ஏன் இல்லை? காலையும் பின்னேரமும் ஒரு படகு, பிள்ளைகளும் நோயாளிகளும் நம்பி ஏறக்கூடியதாக ஓடட்டும். சின்னப் படகுகளுக்கான மண்ணெண்ணெய் விலையைத் ‘தொழில் செலவு’ என்று மட்டும் பார்க்காமல், ஒரு ஊரின் பஸ் கட்டணமாகவும் பார்க்கட்டும். கொழும்பில் எங்களுக்குப் பஸ் கட்டணம் பத்து ரூபா கூடினால் அன்று இரவு எல்லாத் தொலைக்காட்சியிலும் அது செய்தி.

பாதுகாப்பு என்ற வாதத்தையும் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. அந்தக் கடலால் கஞ்சா வருகிறது, அது வடக்குப் பெடியளைத்தான் முதலில் அழிக்கிறது. ஆனால் ஒரு கடலில் அந்நியப் படகு வந்தால் முதலில் காண்பவர் அங்கே வலை போட்டிருப்பவர்தான். ஊரை வெளியே வைத்துவிட்டுக் கடலைப் பாதுகாப்பது எப்படி என்று எங்களுக்கு விளங்கவில்லை.

எங்களில் புவியியல் படிக்கிற தோழி வேறொரு வாதம் வைத்தாள், அது கொஞ்சம் கடினமானது. மனிசர் இல்லாத வருடங்களில் கடலட்டையும் பாரும் தப்பியிருக்கும், அப்படியே விட்டால் என்ன? நாங்கள் பல நேரம் இதில் முட்டிக்கொண்டோம். கடைசியில் சித்தப்பாவின் வெட்டுப்பட்ட வலைதான் பதில் மாதிரி இருந்தது. இந்திய இழுவைப்படகுகள் இரவில் வந்து அடியை வழித்துக்கொண்டு போகின்றன. இலங்கை 2017இல் சட்டம் போட்டு இழுவைமடியைத் தடைசெய்தது, கடலுக்கு அந்தச் சட்டம் வாசிக்கத் தெரியவில்லை. தொப்புள்கொடி உறவு என்று இரண்டு கரையிலும் மேடையில் பேசுகிறவர்கள், அந்தக் கொடி வலையில் சிக்கி அறுவதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. தீவில் ஆளில்லாவிட்டால் கடல் ஓய்வெடுக்கும் என்பது நிலத்தில் இருந்து யோசிக்கிற யோசனை. கையால் பொறுக்குகிற அம்மா போய்விட்டால் அந்த இடத்துக்கு வருவது இயற்கை அல்ல, பெரிய எஞ்சின். தோழி இதை முழுதாக ஏற்கவில்லை. பிடிக்கும் பருவத்தையும் அளவையும் சங்கமே கட்டுப்படுத்த வேண்டும் என்கிறாள். அதுவும் சரிதான்.

அப்படியென்றால் மீன்பிடிக்க, சுற்றிப் பார்க்க யாரும் போகக் கூடாதா? போங்கள். நாங்களே திரும்பப் போகிறோம். எங்கள் ஐந்து பேரின் படகுக்கூலி அந்த வாரம் சித்தப்பாவுக்கு இரண்டு நாள் தொழிலுக்குச் சமம் என்றார். ஊராளின் படகில் போங்கள், கொழும்பிலிருந்து பக்கேஜ் போடுகிறவரின் படகில் அல்ல. வலை போட்ட இடத்தில் தூண்டில் போடாதீர்கள். இடிந்த வீட்டுக்குள் ஏறி நின்று போஸ் கொடுக்க முன்னம், அது யாருடையது என்று கேளுங்கள். சொல்ல ஆள் இருக்கிறது.

திரும்பும்போது அந்தத் தேத்தண்ணி அம்மா ஒரு சொப்பிங் பையில் கருவாடு கட்டித் தந்தார். காசு வாங்கவில்லை. ஆகஸ்டில் வந்தால் சோளகம், படகு ஓடாது, ஒக்டோபரில் செபமாலை மாதா திருநாளுக்கு வாங்கோ என்றார். வரும்போது பேரனுக்கு ஏழாம் ஆண்டு கணித அப்பியாசக் கொப்பியும், கோயில் மணிக்கு நல்ல நைலோன் கயிறு பத்து யாரும் வேண்டுமாம். கயிறு புறக்கோட்டையில் வாங்கியாகிவிட்டது, புத்தகம்தான் இன்னும் தேடுகிறோம்.